உருளைக்கிழங்குக்கும் ஒரு பெயர் உண்டு!

காலை எட்டு மணி இருக்கும். வேங்கிக்காலில் எங்கள் தெரு முனையில் காய்கறித் தள்ளுவண்டி வந்து நிற்கிறது. அண்ணாமலையின் உச்சியில் இளவெயில் படர்ந்திருக்கிறது. கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், பள்ளிக்கூடத்துக்குப் போகும் குழந்தைகள் ஒரு பக்கம் என்று தெருவே அவசரத்தில் இருக்கிறது. ஆனாலும், வண்டியைச் சுற்றி நிற்கும் தாய்மார்களுக்கு மட்டும் அவசரம் கிடையாது.

"ஏம்ப்பா, கிழங்கு ஊட்டியா, ஆக்ராவா?"

"ஊட்டிதாம்மா! செம்மண்ணு ஒட்டியிருக்கிறது தெரியலையா?"

"மண்ணு எதுலே வேணும்னாலும் ஒட்டும்!" என்கிறார் எதிர்வீட்டு அம்மாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். வண்டிக்காரரும் சிரிக்கிறார். பேரம் முடிகிறது.

நீங்களும் இந்தப் பேரத்தை எத்தனையோ தடவை பேசியிருப்பீர்கள். ஆனால் இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? அரிசி வாங்கும்போது பொன்னியா என்று கேட்கிறோம். மாம்பழம் என்றால் பங்கனபள்ளியா, மல்கோவாவா? வாழைப்பழம் என்றால் ரஸ்தாளியா, பூவனா? கத்தரிக்காய்க்குக்கூட நம் பக்கத்தில் முள்ளுக் கத்தரி என்று தனி மரியாதை உண்டு. உருளைக்கிழங்குக்கு மட்டும் பெயர் கேட்பதில்லை. ஊரைக் கேட்பதோடு சரி!

விளைவு என்ன? போன வாரம் பொன்னிறமாக வந்த ரோஸ்ட் இந்த வாரம் கருகிப் போகிறது. பொரியல் லேசாகத் தித்திக்கிறது. பூரி மசாலுக்கு மாவாக மசியவேண்டிய கிழங்கு சோப்புக் கட்டி மாதிரி வழுக்குகிறது. "முன்னே மாதிரி உன் கைமணம் இல்லை" என்று யாராவது சொல்லியும் விடுகிறார்கள். குற்றம் உங்கள் கையில் இல்லை, சகோதரிகளே! குற்றம் கிழங்கின் ஜாதகத்தில் இருக்கிறது. அந்த ஜாதகத்தைத்தான் இன்று கொஞ்சம் புரட்டிப் பார்க்கப் போகிறோம்.

மலை உச்சியில் கல்யாணம்

உருளைக்கிழங்கு பெயரளவில்தான் கிழங்கு. உண்மையில் அது மண்ணுக்குள் பருத்த தண்டு. அதன் 'கண்கள்' எல்லாம் மொட்டுகள். கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். தாய்வீடு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே அங்குள்ள ஜனங்கள் அதைப் பயிரிட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கப்பலேறி இந்தியா வந்தது.

வந்த மருமகளுக்கு இங்கே ஒரு சங்கடம். ஐரோப்பாவில் உருளை கோடைப் பயிர். அங்கே கோடைப் பகல் மிக நீளம். நம் வட இந்தியச் சமவெளியிலோ அது பனிக்காலப் பயிர், பகல் குட்டை. மூன்று மாதத்துக்குள் விளைந்தாக வேண்டும். ஐரோப்பிய ரகங்கள் அதற்கு ஒத்துவரவில்லை. நமக்கென்று தனி ரகங்கள் வேண்டும் என்பதற்காகவே 1949ல் பாட்னாவில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கி முதல் டைரக்டராக இருந்தவர் டாக்டர் எஸ். ராமானுஜம். 1956ல் நிலையம் ஸிம்லாவுக்குக் குடிபெயர்ந்தது.

ஏன் ஸிம்லா? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. புது ரகம் வேண்டுமானால் இரண்டு ரகங்களுக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பூ வேண்டும் அல்லவா? சமவெளியின் குட்டைப் பகலில் உருளைச் செடி சரிவரப் பூப்பதில்லை, காய்ப்பதுமில்லை. நீண்ட பகலும் குளிர்ந்த காற்றும் இருந்தால்தான் பூத்துக் காய்க்கும். ஸிம்லாவுக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் இருக்கும் குப்ரி என்ற மலைக் கிராமத்தில் அது நடக்கிறது. அங்கே ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் வைக்கிறார்கள். சின்னத் தக்காளிக்காய் போல ஒரு காய் காய்க்கிறது. அதற்குள் நூறு, இருநூறு விதைகள்.

அந்த விதைகளில் ஒன்று போல் இன்னொன்று இராது! ஒரே வயிற்றில் பிறந்த குழந்தைகளில் ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு, ஒன்று சாது, ஒன்று வாலு என்று இருப்பதில்லையா? அதே கதைதான். மனிதனுக்கு ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதி. உருளைக்கோ நான்கு பிரதி. சீட்டுக் கட்டு பெரிது; கலைக்கிற ஒவ்வொரு தடவையும் புதுக் கை விழும். ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, வருஷா வருஷம் கழித்துக் கழித்து, எட்டுப் பத்து வருஷங்களுக்குப் பிறகு ஒன்றிரண்டு தேறினால் பெரிய காரியம். தேறிவிட்டால் அப்புறம் கவலை இல்லை. விதைக்குப் பதில் கிழங்கையே நட்டால் தாயை அப்படியே உரித்து வைத்த பிள்ளைகள் கிடைக்கும்.

பிறந்த ஊரை மறக்கக் கூடாது என்று அங்கே தேறிய ரகங்களுக்கெல்லாம் 'குப்ரி' என்பதையே முன்பெயராக வைத்தார்கள். 1968ல் குப்ரி ஜோதி, குப்ரி சந்திரமுகி. 1980ல் குப்ரி பஹார். 1998ல் குப்ரி புக்ராஜ் என்று இன்றைக்கு அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். சீனாவுக்கு அடுத்தபடியாக உலகத்திலேயே அதிக உருளை விளைவிக்கும் தேசம் இன்று நம்முடையது. வருஷத்துக்கு 5 கோடி டன்னுக்கு மேல்.

புகுந்த வீட்டுப் பரீட்சை

ரகம் பிறந்துவிட்டால் போதுமா? பிறந்த வீட்டில் கெட்டிக்காரியாக இருந்த பெண் புகுந்த வீட்டிலும் பெயரெடுக்க வேண்டுமே! அதற்காகத் தேசத்தின் பல பாகங்களில், ஒரே சமயத்தில் ஒரே ரகங்களை நட்டுப் பரீட்சை செய்கிறார்கள். 1970-71லிருந்து அகில இந்திய அளவில் இந்த ஏற்பாடு நடந்து வருகிறது. பஞ்சாபில் முதல் மார்க் வாங்கிய ரகம் தக்காண பீடபூமியில் தோற்றுப் போவதுண்டு. குவிண்டால் கணக்கு மட்டுமல்ல. கிழங்குக்குள் இருக்கும் மாவுச் சத்து, சர்க்கரை, தாதுக்கள் எல்லாமே ஊருக்கு ஊர் மாறும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சிப்ஸ் போட வேண்டுமானால் கிழங்கில் நூற்றுக்கு இருபது பங்காவது திடப்பொருள் இருக்க வேண்டும். எண்ணெயில் கருக்கும் சர்க்கரை மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும். கிழங்கு முற்றும் சமயத்தில் இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இந்தச் சர்க்கரை ஏறிவிடும். ஆகவே வட இந்தியக் கடுங்குளிரில் விளைந்த கிழங்கு எண்ணெயில் கருக்கும்போது, மத்தியப் பிரதேசத்து மால்வாப் பகுதியில் விளைந்த அதே ரகம் பொன்னிறமாக வரக்கூடும். இடம் மாறினாலும் குணம் மாறாத ரகம் வேண்டும் என்று தேடித் தேடி, 1998ல் குப்ரி சிப்ஸோனா-1, சிப்ஸோனா-2 என்ற இரண்டை வெளியிட்டார்கள். வறுவலுக்கென்றே பிறந்த முதல் இந்திய உருளைகள் அவை.

நம் நீலகிரியின் கதை வேறு. அங்கே மழையும் குளிரும் வருஷம் முழுவதும் உருளைக்கு இடம் கொடுக்கின்றன; கூடவே நோய்க்கும் இடம் கொடுக்கின்றன. 1961ல் உதகை அருகே எப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி, செடியின் வேரில் குண்டூசித் தலையைப் போல ஒட்டிக்கொண்டிருந்த பொன்னிற முட்டைக் கூடுகளைக் கண்டுபிடித்தார். பெயரென்னவோ 'தங்க நூற்புழு', வேலையோ அடியறுப்பது! அந்தக் கூட்டுக்குள் முட்டைகள் பல வருஷங்கள் மண்ணிலேயே உயிரோடு கிடக்கும். எந்த மருந்தும் முழுதாகத் தீர்க்கவில்லை. உதகைக்கு அருகே முத்தோரையில் 1957லிருந்து இயங்கி வந்த ஆராய்ச்சிக் கிளை, குப்ரி ஜோதியைத் தாயாக வைத்து, தென் அமெரிக்கக் காட்டு உருளை ஒன்றின் வழிவந்த செடியோடு சேர்த்தது. 1985ல் பிறந்தது குப்ரி ஸ்வர்ணா. நூற்புழு வந்தாலும் அசராத பெண்!

"சரி, நம் வேங்கிக்கால் மண்ணில் உருளை விளையுமா?" என்று கேட்பீர்கள். கார்த்திகை தீபத்தன்று நாம் சால்வையைத் தேடுகிறோமே தவிர, உருளைக்கு அந்தக் குளிர் போதாது. இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போனால் செடி தழைக்கும். மண்ணுக்குள் கிழங்கு கட்டாது. நம் வெயிலுக்கு நெல்லும் கரும்பும் மணிலாக்கொட்டையும்தான் சம்மதம். கொஞ்சம் கூடுதல் வெப்பத்தையும் தாங்கட்டும் என்று 2006ல் குப்ரி சூர்யா என்ற ரகம் வந்தது. பூமி சூடாகிக்கொண்டே போகும் காலத்தில் அந்த வழியில் இன்னும் பல ரகங்கள் தேவைப்படும்.

ஒரு பொன்னிற மோசடி

அழகைப் பார்த்து ஏமாந்த கதை ஒன்றும் உண்டு. 1967ல் அமெரிக்காவில் 'லெனாப்பே' என்று ஒரு புது உருளை வெளியாயிற்று. திடப்பொருள் அதிகம், சர்க்கரை குறைவு, சிப்ஸ் போட்டால் தங்கத் தகடு! எல்லோரும் கொண்டாடினார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கிழங்கில் ஸோலனின் முதலிய கசப்பு நஞ்சுகள் மற்றக் கிழங்குகளைவிட அதிகம் என்று. உருளைச் செடி பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் தானே தயாரித்துக்கொள்ளும் நஞ்சு அது. நூறு கிராமுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. லெனாப்பே தாண்டியது. அளவும் ஊருக்கு ஊர் ஏறி இறங்கியது. 1970ல் சந்தையிலிருந்து விலக்கிவிட்டார்கள். அதன் வழிவந்த 'அட்லான்டிக்' முதலிய ரகங்கள் நல்ல பெயரோடு இன்றும் சிப்ஸுக்குப் பயன்படுகின்றன என்பது வேறு விஷயம்.

இந்தக் கதையில் நமக்கு இரண்டு பாடம். புது ரகத்தின் நிறத்தையும் எடையையும் மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே இருப்பதை அளந்தாக வேண்டும். அதுவும் ஓர் ஊரில் அளந்தால் போதாது. பல ஊர்களில் அளக்க வேண்டும்.

இரும்பும் ஊதா நிறமும்

இனி, நம் வீட்டுப் பெண்களுக்கு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருவோம்.

2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் தேசத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 பேர். நம் தெருவில் வண்டியைச் சுற்றி நிற்கும் பெண்களில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மத்தியானம் கண்ணை இருட்டுகிறது என்றால், "வயசாச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

உருளையில் நூறு கிராமுக்கு இரும்புச் சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் வைட்டமின் 'ஸி' சுமார் 20 மில்லிகிராம் இருக்கிறது. இரும்பு உடம்பில் ஒட்டுவதற்குக் கைகொடுப்பது இந்த 'ஸி'தான். உருளை தினமும் கூடையோடு சாப்பிடப்படுகிற தேசங்களில், அந்தக் கொஞ்ச இரும்பைக் கொஞ்சம் கூட்டினால் என்ன என்று யோசித்தார்கள். பெரு நாட்டின் லீமா நகரில் 1971ல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தில், நாலாயிரத்துக்கு மேற்பட்ட நாட்டு உருளைகள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் இரும்பும் துத்தநாகமும் அதிகமுள்ள ரகங்களைப் பொறுக்கி எடுத்து, தலைமுறை தலைமுறையாகக் கலந்து வளர்த்தார்கள்.

அதில் ஓர் ஊதாச் சதை உருளையையும், சாதாரண மஞ்சள் சதை உருளையையும் பெருவின் மலைநாட்டுப் பெண்களுக்குக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். 2020ல் வெளியான முடிவு எல்லோரையும் யோசிக்கவைத்தது. மஞ்சள் உருளையின் இரும்பில் நூற்றுக்கு 28 பங்கு உடம்பில் சேர்ந்தது. இது பெரிய விஷயம். தானியத்திலும் பயறிலும் உள்ள இரும்பு பெரும்பாலும் பத்துப் பங்குகூடச் சேர்வதில்லை. ஆனால் இரும்பை அதிகமாக ஏற்றிவைத்த ஊதா உருளையிலிருந்து சேர்ந்தது 13 பங்குதான்! ஊதா நிறத்தோடு சேர்ந்து வரும் பொருள்களே இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதினார்கள். ஒரு கையால் கொடுத்து, மறு கையால் பிடுங்கிக்கொண்டது போல!

அதற்காக ஊதா நிறம் வேண்டாத நிறம் என்று எண்ணிவிடாதீர்கள். நாவற்பழத்துக்கு அந்த நிறம் கொடுக்கும் பொருள்தான் அது. உடம்புக்கு வேறு வகையில் நன்மை தருவது என்கிறார்கள். நம் ஸிம்லா நிலையமும் அண்மை ஆண்டுகளில் 'குப்ரி நீல்கண்ட்' என்று ஒன்றை வெளியிட்டிருக்கிறது. தோல் ஊதா, சதை மஞ்சள். அருணாசலேசுவரர் ஊரில் இருக்கும் நமக்கு அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை!

சத்தைக் கூட்டுவது கூட்டல் கணக்கு அல்ல என்பதுதான் இதிலிருந்து தெரிவது. ரகம் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம், வானம் ஒரு பக்கம், நம் வயிறு ஒரு பக்கம் என்று நாலு பேரும் சம்மதித்தால்தான் காரியம் நடக்கும். ஆகவே, உருளை வந்து ரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்று டாக்டரையும் கீரையையும் கைவிட்டுவிடாதீர்கள்.

அடுக்களையிலே ஆராய்ச்சி

அதுவரை நாம் செய்யக்கூடியது என்ன? ஒரு சின்னப் பரீட்சை சொல்கிறேன். பதினொரு டம்ளர் தண்ணீரில் ஒரு டம்ளர் தூள் உப்பைக் கரையுங்கள். கழுவிய கிழங்கை அதில் போடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு. பூரி மசால், போண்டா, வறுவல் எல்லாவற்றுக்கும் சரி. மிதந்தால் நீர்க் கிழங்கு. குழம்பிலும் குருமாவிலும் போடலாம், கரையாமல் நிற்கும். வட இந்தியாவில் மிகப் பரவலாகப் பயிராகும் குப்ரி புக்ராஜ் சீக்கிரம் விளைந்து மூட்டை மூட்டையாகக் கொடுக்கும். ஆனால் திடப்பொருள் குறைவு. ஆகவே கிழங்கு மிதந்தால் வண்டிக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அது அந்த ரகத்தின் சுபாவம்.

உருளையைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் மாவுச் சத்து சர்க்கரையாக மாறும், பொரியல் தித்திக்கும், வறுத்தால் கருக்கும். குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்த கிழங்கு தித்தித்தால், ஒரு வாரம் பத்து நாள் வெளியே இருட்டில் காற்றாட வைத்துப் பாருங்கள். சர்க்கரை ஓரளவு இறங்கும். வறுவலுக்கு நறுக்கியதைச் சிறிது நேரம் தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். பொன்னிறம் வந்ததும் இறக்கிவிடுங்கள். கருக வறுத்த உருளையில் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்பதை 2002ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள்.

வெளிச்சம் பட்டுப் பச்சை பிடித்த கிழங்கைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். லெனாப்பேயின் நஞ்சு அங்கேதான் ஏறுகிறது, வேகவைத்தாலும் போகாது. தோலோடு வேகவைத்து அப்புறம் உரியுங்கள். வைட்டமின் 'ஸி' அவ்வளவாக வீணாகாது.

இவற்றையெல்லாம்விட முக்கியமான காரியம் ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவே கிடையாது. பெயரைக் கேளுங்கள்!

விவசாயிக்கு எடைக்குத்தான் பணம். சத்துக்கும் ருசிக்கும் தனியாகக் காலணா யாரும் கொடுப்பதில்லை. ஆகவே அவர் எடை கொடுக்கும் ரகத்தைத்தான் நடுவார். அவர் எதை நடுகிறாரோ அதைத்தான் விதை வியாபாரி கொண்டுவருவார். சத்துள்ள ரகத்தைப் பத்து வருஷம் பாடுபட்டு உருவாக்கினாலும் அது ஆராய்ச்சிப் பண்ணையிலேயே கன்னியாக நின்றுவிடும். சிப்ஸ் கம்பெனிக்காரர்கள் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள்; அவர்களுக்கு வேண்டிய ரகம் வயலுக்கு வந்தது. தினமும் வாங்குகிற நாம் கேட்டோமா? 'பொன்னிதான் வேண்டும்' என்று நாம் பிடிவாதம் பிடித்ததால்தானே மூட்டையின் மேல் பொன்னி என்று எழுதியிருக்கிறது?

நேற்று நான் நம் வண்டிக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். "இந்தக் கிழங்கு என்ன ரகம்ப்பா? ஜோதியா, பஹாரா, ஸ்வர்ணாவா?"

அவர் தராசை அப்படியே நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிழங்குக்குப் பேர் கேக்கறது இந்தத் தெருவுலே நீங்க ஒருத்தர்தாம்மா!" என்றார்.

பக்கத்தில் நின்றிருந்த எதிர்வீட்டு அம்மாள் விடவில்லை. "இன்னிக்கு ஒருத்தர். நாளைக்கு நாங்களும் கேப்போம். மண்டியிலே விசாரிச்சுக்கிட்டு வா!"

வண்டிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே, "விசாரிக்கிறேம்மா" என்றார். உங்கள் தெருவிலும் ஒருவர் ஆரம்பித்துவையுங்களேன்!